உதைக்காத தோட்டா

மடியில் விரித்த மாவுத் துணியின் மேல் அந்தக் கைகள் ஒரு பழைய தோட்டாவின் பித்தளைக் கூட்டை உருட்டிக்கொண்டிருந்தன. விரல் நுனியில் தொட்ட பசை கூட்டின் உடம்பெங்கும் மெல்லிய படலமாகப் பரவியது. கழுத்துக்கு வந்ததும் விரல் நின்றுகொண்டது. பிறகு அந்தக் கூடு, நீளக் கைப்பிடிகள் உள்ள குறடு போன்ற ஒரு கருவிக்குள் போனது. கைப்பிடிகளை முழங்கால்களுக்கு நடுவே வைத்து நெருக்கியபோது மணிக்கட்டில் வலி ஏறியது. சுட்டுப் பெருத்திருந்த கூடு பழைய அளவுக்கு ஒடுங்கி வெளியே வந்தது. அதைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்துவிட்டு, அடுத்ததை எடுத்தன அந்தக் கைகள்.

லெம்பி ஹார்யு உட்கார்ந்திருந்தது வீட்டுக்குப் பின்னாலிருந்த சவுனாவின் உடை மாற்றும் அறையில். வெடிமருந்துக்கு ஈரம் ஆகாது. நீராவிக் குளியல் அறையில் போய் அதை வைப்பார்களா என்று யாரும் கேட்கலாம். ஆனால் ஆகஸ்டிலிருந்து அந்த அடுப்பை யாரும் மூட்டவில்லை. சனிக்கிழமை தவறாமல் நீராவியில் உட்கார்ந்து எழுந்த அவள் கணவர் தௌனோவுக்கு, புற்றுநோய்க்கு ஊசி ஏற்றத் தொடங்கிய பிறகு சூடு தாங்கவில்லை. அடுப்புக் கற்களின் மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. அறை சருகாகக் காய்ந்து கிடந்தது. அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

நவம்பர் பதினைந்து மான் வேட்டையின் முதல் நாள். காட்டுக்குள் இருக்கும் குடிலுக்கு இந்த வருடமும் போவேன் என்று தௌனோ சொல்லிவிட்டார். போகட்டும் என்றார் மருத்துவரும். ஆனால் ஊசி ஏற்றுவதற்காக வலது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சின்ன டப்பியைப் பதித்திருந்தார்கள். சுடும்போது துப்பாக்கிக் கட்டை அங்கேதான் உதைக்கும்.

"அது உதைக்கறது எனக்கென்ன புதுசா?" என்றார் தௌனோ. காரில் ஏறும்போது பெல்ட் அந்த இடத்தில் பட்டதற்கே அவர் கண்ணை மூடிக்கொண்டதை லெம்பி பார்த்திருந்தாள். அதை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவருடைய துப்பாக்கி அவர் அப்பா வைத்திருந்தது. அந்த அளவுத் தோட்டாவை எந்தத் தொழிற்சாலையும் இப்போது செய்வதில்லை. மேசை இழுப்பறையில் மிச்சமிருந்த நாலும் முழு வேகத் தோட்டாக்கள். மெதுவாக உதைக்கும் தோட்டா வேண்டுமென்றால் யாராவது பழைய கூட்டில் மருந்தைக் குறைத்து நிரப்பித்தான் ஆக வேண்டும். அதில்தான் சிக்கல். அடுத்தவர் நிரப்பிய தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போடுவதில்லை என்பது இங்கே வேட்டைக்குப் போகிற எல்லாரும் கடைப்பிடிக்கிற விதி. தௌனோ அதில் ஒரு படி மேல். "போதகரே நிரப்பிக் குடுத்தாலும் வேணாம்னுடுவேன்" என்று குடிலில் வருடா வருடம் சொல்வார்.

செப்டம்பரில் அவள் ரூடி பெல்டோலாவின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். பள்ளிச் சமையலறையில் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"வாங்க மிஸ்ஸஸ் ஹார்யு. எனக்கு மட்டும் பீட்ரூட்ட ரெண்டு கரண்டி போடுவீங்களே, அதுக்கு இன்னிக்குப் பழி வாங்கப் போறேன்."

"நீ முதநாள் மிச்சம் வச்சதத்தான்டா மறுநாள் போட்டேன். தோட்டா நிரப்பற பிரஸ் இருந்தாக் காட்டு."

ரூடி புருவத்தைத் தூக்கினான். "சிவப்பா, பச்சையா, நீலமா?"

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம். ஆண்கள் இதில் கட்சி பிரிந்து காபி ஆறும்வரை சண்டை போடுவார்கள்.

"எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டா விலை கம்மி?"

"நீலத்தப் பாருங்க. கைப்பிடிய ஒருதடவ இழுத்தா ஒரு தோட்டா விழும். மணிக்கு நானூறு."

"எனக்கு இருபது போதும்."

"மணிக்கா?"

"மொத்தமே."

ரூடியின் கை கைப்பிடியிலேயே நின்றது. நீலத்தை விட்டுவிட்டு மூலைக்குப் போய், யாரோ விற்கக் கொடுத்திருந்த பழைய வார்ப்பிரும்பு பிரஸ் ஒன்றைத் தூக்கி வந்தான். ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் செய்யும்.

"முதல் பிரஸ்ஸுக்கு இதான் சரி. எழுபது டாலர். உங்க ஆயுசுக்கும் உழைக்கும்."

"நவம்பர் வரைக்கும் உழைச்சாப் போதும் ரூடி."

அவளுக்கு அந்த இரும்பு பிடித்திருந்தது. ஆனால் அதை மரையாணி போட்டு இறுக்குவதற்குக் கனமான மேசை வேண்டும். வீட்டில் அப்படி ஒரு மேசை தௌனோவின் ஷெட்டில்தான் இருந்தது. தேவாலயச் சந்தையில் இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி விற்று வந்த நூற்று இருபது டாலர்தான் கையில். அதற்குள் கூட்டை ஒடுக்கும் அச்சுகள், தராசு, குண்டு, மருந்து எல்லாம் அடங்கியாக வேண்டும்.

"தராசு மட்டும் மலிவா எடுத்துக்கறேனே?"

"அது மட்டும் கூடாது. பிரஸ்ல மிச்சம் பிடிங்க, தராசுல பிடிக்காதீங்க. பிரஸ் கோணினா கூடு கெடும். தராசு கோணினா ஆளு கெடுவான்."

அவன் கடைசியாகக் காட்டியதுதான் மடியில் வைத்து நெருக்கும் கைப்பிரஸ். எல்லாவற்றிலும் மலிவு.

"கொட்டை உடைக்கற குறடு மாதிரி இருக்கு."

"அப்படித்தான் எல்லாரும் சிரிப்பாங்க. கை வலிக்கும், சொல்லிட்டேன்."

"முப்பது வருஷம் மாவு பிசைஞ்ச கை."

"மாவு உங்கள எதிர்த்துத் தள்ளாதே, மிஸ்ஸஸ் ஹார்யு."

கைப்பிரஸ்ஸும் நல்ல தராசும் வாங்கினாள். குறைத்த அளவுக்கென்றே புத்தகத்தில் குறித்திருந்த மருந்தையும் அவன் எடுத்துக் கொடுத்தான். பசையைச் சிக்கனமாகத் தடவியதில் முதல் கூடே அச்சுக்குள் இறுகிக்கொண்டது. அதைத் துளைபோட்டு எடுத்துத் தரும்போது ரூடி சொன்னான்: "ரொட்டித் தட்டுக்கு வெண்ணெய் தடவற மாதிரி தடவுங்க." அதன் பிறகு எதுவும் சிக்கவில்லை. ஒவ்வொரு கூட்டிலும் பொறி கொடுக்கும் புது பிரைமர் வைத்து, மருந்தை இரண்டு தடவை எடை போட்டுக் கொட்டி, குண்டை அழுத்தி மூடினாள்.

அக்டோபர் கடைசியில், குறி சரிபார்க்க என்று தௌனோவிடம் சொல்லித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ரூடியோடு சுட்டுப் பழகும் சரளைக் குழிக்குப் போனாள்.

"நீ சுடுடா."

"கோவிச்சுக்காதீங்க. விதி விதிதான். நிரப்பினவங்கதான் முதல்ல சுடணும்."

அவள் கட்டையைத் தன் தோளில் வைத்து விசையை இழுத்தாள். ஐம்பது கஜத்தில் அட்டையில் ஓட்டை விழுந்தது. தோளில் ஒரு குழந்தை கையை வைத்துத் தள்ளியது போல இருந்தது, அவ்வளவுதான். இன்னும் நான்கு சுட்டாள். ரூடி அட்டையைப் பார்க்கப் போகிற சாக்கில் நெடுநேரம் திரும்பி வராமல் நின்றான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பதினான்காம் தேதி காலை, நண்பர்களின் லாரி வருவதற்கு முன், தௌனோ கம்பளிக் கால்சட்டையோடு அடுக்களையில் உட்கார்ந்திருந்தார். தோள்பட்டி வார்கள் கடைசித் துளைவரை இழுத்து மாட்டப்பட்டிருந்தன. ஏலக்காய் ரொட்டியை ஒரு வாய்கூடக் கடிக்கவில்லை. பழைய தோட்டாக்கள் நாலும் கோட்டின் வலது பையில் கிடந்தன.

லெம்பி ஆறு தோட்டாக்களைக் காபிக் கோப்பைக்கு அருகில் நிறுத்தினாள்.

அவர் ஒன்றை எடுத்தார். பித்தளையின் கீறல்களைக் கட்டைவிரலால் தடவினார். "இது கடையில வாங்கினதில்ல. யாரு நிரப்பினது?"

"நான்."

"நீயா? எதுல வச்சு? மாவுக் கட்டைலயா?"

"மடியில வச்சு. சவுனாவுல."

சிரிக்க வந்தவர் நிறுத்திக்கொண்டார். தோட்டாவைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார். மருந்து முழுக்க நிரம்பிய தோட்டா ஆட்டினால் சத்தம் போடாது. இதற்குள் மணல் சரிவது போல ஒரு சத்தம் கேட்டது. இன்னொரு தடவை ஆட்டிக் கேட்டார். மருந்து எதற்காகக் குறைந்திருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"ஆகஸ்டுலேருந்து. பெல்ட் பட்டப்ப."

"ஒரு வார்த்த கேக்கலியே நீ."

"நீ சொன்னியா?"

வெளியே லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"நீ சுட்டுப் பாத்தியா?"

"அஞ்சு. மத்த ஒவ்வொன்னையும் ரெண்டு தடவ எடை போட்டேன், தௌனோ."

"அந்த நாறப் பசங்ககிட்ட சொல்லிடாத. குடிலே இடிஞ்சு விழறாப்ல சிரிப்பானுங்க."

கோட்டுப் பையிலிருந்து நாலு பழைய தோட்டாக்களையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு இடது கையால் காலிப் பையை விரித்துப் பிடித்தார். லெம்பி அதன் விளிம்பை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஆறையும் உள்ளே போட்டாள்.