சூடு பார்த்த விரல்

ஹாலிஎலயில் ரேடியோ திருத்தும் அந்த மனிதர் ஒல்லியானவர். காதில் எப்போதும் பென்சில் இருக்கும். என் தையல் வேலைக்கு எல்.ஈ.டி. பட்டி விளக்கொன்று செய்து தந்திருந்தார். பத்தே நாளில் அது கருகிவிட்டது. தீபாவளிச் சட்டைகள் தைத்தாக வேண்டும் என்பதால் தயங்கியபடியே எடுத்துப்போனேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரை ஒழுகுமென்று நான் சுற்றியிருந்த பொலித்தீனை உரித்துப் பார்த்துச் சிரித்தார்.

“குளிருதுன்னு லைட்டுக்கும் கம்பளி போர்த்திட்டீங்களாக்கா? சூடு வெளிய போக வழியில்லாம வெந்துபோச்சு. ஒழுகினா இடத்த மாத்துங்க, மூடாதீங்க.”

புதிய பட்டியை அலுமினியச் சட்டத்தில் ஒட்டி, எரியவிட்டு, சட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

“வீட்டுக்குப் போற லுணுகலை பஸ் போயிரும்ங்க” என்றேன்.

“போகட்டும். ஒரு மணித்தியாலம் விரல் தாங்கினாத்தான் தருவேன்.”

பஸ் போனது. அவர் விரலை எடுக்கவில்லை.

அந்த விளக்கில்தான் சட்டைகளை எல்லாம் தைத்து முடித்தேன். அவருக்குத்தான் நான் இன்னும் ஒரு நன்றி சொல்லவில்லை.