விஷம் காது

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "யூரியா நார்மல்மா. இதி கிட்னி ஜப்பு காது" என்றார். கால் வீங்கிய நாளிலிருந்து நான் பயந்தது அந்த வியாதிக்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. கை தானாகப் போய்க் காதைத் தொட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, எல்லை பிரித்து எங்கள் ஊர் சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்த புதிதில்தான் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக யூரியா வந்தது. வெள்ளை வெளேரென்ற குருணை. நைனா அதைத் தண்ணீரில் கரைத்ததும் சட்டியே சில்லிட்டுப் போனது. இவ்வளவு குளிர்ச்சியானது இனிக்காமலா இருக்கும் என்று கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கு ஜில்லென்றது, பிறகு ஒரே கசப்பு.

பதறி ஓடிவந்த அம்மாவிடம், உரம் கொண்டுவந்த தெலுங்கு ஆபீசர், "பயம் லேதம்மா, விஷம் காது" என்றார். அம்மா காஞ்சிபுரத்துப் பக்கம் பிறந்தவள், தெலுங்கு தெரியாது.

"ஐயையோ, விஷம் காதுக்கு ஏறிடுச்சாமே!"

என் இரண்டு காதிலும் நல்லெண்ணெயை ஊற்றி, "கேக்குதா கண்ணு, கேக்குதா?" என்று அலறினாள்.

நைனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடியே, தெலுங்குல காதுன்னா இல்லைன்னு அர்த்தம். அது விஷம் இல்லியாம். நம்ம மூத்திரத்துல தினம் போய்க்கினு இருக்கிறதுதானாம்!"

அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதாள். அன்றிலிருந்து, பயந்தது நடக்காமல் போனால் எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்தான்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மகளுக்குப் போன் செய்தேன்.

"காதுடி."

அவள் விட்ட பெருமூச்சு என் காதில் விழுந்தது.