கருவாடு காய்ந்த கம்பி

தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒரு பாலம் இருக்கிறது. அதற்குக் கம்பி கட்டினவர்களில் நானும் ஒருவன். என் வீட்டுக்காரி அங்கேயே கவர் பிளாக் வார்த்தாள். சின்னச் சின்ன சிமெண்ட் கட்டி. கம்பிக்கு அடியில் அதை வைத்தால், காங்கிரீட் ஊற்ற அடித்த பலகையில் கம்பி படாது. காங்கிரீட் சுற்றிலும் கனமாக மூடும். உப்புக்காற்று உள்ளே போய்க் கம்பியைத் தின்ன நாளாகும்.

கல்யாணம் ஆன புதிது. மதியம் ஒரே தூக்குவாளியில் இரண்டு பேரும் சாப்பிடுவோம். துறைமுகத்தில் ஏலம் முடிந்தபிறகு மீன் மலிவு.

ஒருநாள் வாளை மீனை உப்புப் போட்டு, கட்டி முடித்த கம்பிமேல் நீளமாகக் காயப்போட்டுவிட்டாள். மணலில் போட்டால் மண் ஒட்டும். கம்பி நல்ல சூடு, மேலும் கீழும் காற்று. அவள் நினைத்தது அவ்வளவுதான். உப்புத் தண்ணீர் கம்பியெல்லாம் சொட்டியிருந்தது.

மேஸ்திரி பார்த்தார். கத்தவில்லை.

"ஏம்மா, காத்துல வர்ற உப்பு பத்தலன்னு நீ வேற எடுத்தாந்தியா?"

ஆட்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காங்கிரீட் போடுவதை மறுநாளுக்குத் தள்ளினார்கள். லாரித் தண்ணீரை ஊற்றி, இரும்பு பிரஷ்ஷால் நாங்கள் இரண்டு பேரும் தேய்த்தோம். இன்ஜினியர் விரலால் தடவிப் பார்த்துச் சரி என்றார்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. பாலம் கெட்டால் தன்னால்தான் என்பாள். கம்பி துருப்பிடித்தால் ஊதும், காங்கிரீட் வெடிக்கும், பழுப்பாகக் கறை இறங்கும். அதைப் பார்க்க, வருஷா வருஷம் மழை விட்டதும் மூலக்குளத்தில் பஸ் ஏறுவோம். பூ வைத்துக்கொண்டு வருவாள். அடியில் நின்று அண்ணாந்து பார்ப்போம். கறை இருக்காது. டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். எங்களுக்கு ஊர் சுற்றுவது என்றால் அதுதான்.

இந்த வருஷம் அவளுக்கு முட்டி வலி. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருக்கிறோம். நான் மட்டும் போனேன். கரையோரத் தூணுக்கு மேலே, கருவாடு காய்ந்த அந்த இடம். ரொம்ப நேரம் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. டீ குடிக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததுமே கேட்டாள்.

"கறை எதுனா இறங்கியிருக்குதா?"

"இல்ல."

"கிட்டப் போய்ப் பாத்தியா?"

"பாத்தேன்."

"உனுக்குக் கண்ணு தெரியாதுய்யா. அடுத்த மழைக்கு நானே வந்து பாக்குறேன்."

"வா," என்றேன்.