தோசைக் கரண்டியோடு வந்த அம்மா

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்தபோது, எதிர்வீட்டில் க்ரைம் நாவல் எழுதுபவர் ஒருவர் இருந்தார். எழுதுவதற்கு முன், தெருமுனை டிபன் கடையில் உட்கார்ந்து கொலையை என்னிடம் சொல்லிப் பார்ப்பார். நான் அதில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். என்ன சுகமான காலைகள் அவை!

ஒருநாள், "தலையணையால அமுக்கிட்டா சத்தமே வராது. புருஷன் மேல சந்தேகமும் வராது" என்றார்.

"மாமியார் ஊருக்குப் போன நாளா பாத்து முடிச்சிடணும் சார்" என்று நானும் உற்சாகமாகச் சொன்னேன்.

சட்டென்று கடைக்கார அம்மா சூடான தோசைக் கரண்டியோடு எங்கள் முன்னால் வந்து நின்றார். "இன்னா பேசிகினு கீறீங்க? எந்த ஊட்டுப் பொண்ணு அது? சொல்லு, இல்லாங்காட்டி போலீசைக் கூப்புடுவேன்!"

கூட்டம் கூடிவிட்டது. எழுத்தாளரின் பையிலிருந்த அவர் நாவலை எடுத்து, பின்னட்டையில் இருந்த அவர் படத்தைக் காட்டினோம். படத்தில் தலை நிறைய முடி இருந்ததால் யாரும் உடனே நம்பவில்லை. ஒருவழியாகத் தப்பித்தோம்.

திரும்பி வரும்போது எழுத்தாளர் சொன்னார்: "நிஜக் கொலை நடந்த எத்தனையோ வீடுகளுக்குக் கதைக்காகப் போயிருக்கேன். 'அன்னைக்கே சத்தம் கேட்டுச்சு சார்'னு அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்வாங்க. கொலைக்கு முன்னாடியே வந்து கேட்ட ஒரே ஆள் இந்த அம்மாதான்."

எழுத்தாளர் இப்போது இல்லை. நானும் காட்டுப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வதில்லை. கிண்ணத்தோடு போய் மணியடித்து, கொஞ்சம் சர்க்கரை கேட்கிறேன்.

வீட்டில் சர்க்கரை நிறையவே இருக்கிறது.