சந்தனப் பொட்டு வெச்ச பெட்டி

அன்புக்கரசி மொதல் தடவை எங்க கடைக்கு வந்தப்ப, "இந்தக் குட்டிப் பொண்ணா டிவி மாட்டப் போவுது?"ன்னு சத்தமாவே கேட்டுட்டேன். எனக்கு வாய் அப்படி. தி.நகர்ல பட்டுப் புடவைய விரிச்சு விரிச்சுக் காட்டியே பாதி ஆயுசு போயிடுச்சு, அடக்கமாப் பேச மட்டும் இன்னும் கத்துக்கல. அது என்னைத் திரும்பிப் பார்த்து, "டிவிய நான் மாட்டிக்கிறேண்ணா, நீங்க ஸ்டூல மட்டும் புடிங்க"ன்னுச்சு. புடிச்சேன். அன்னிலேர்ந்து சிநேகம்.

அடையாறு ஆத்தங்கரையில பொறந்த பொண்ணு. குடிசைங்கள எடுத்தப்ப பெரும்பாக்கத்துல வீடு குடுத்தாங்க. அவங்கம்மா இன்னும் அடையாறுல அதே வீடுங்களுக்குத்தான் வேலைக்கு வராங்க. அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே பஸ்ஸு. டிப்ளமோ முடிச்சிட்டு ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு சின்ன கம்பெனியில சேர்ந்துச்சு. ஆபீஸ், கடைங்கள்ல வீடியோ மீட்டிங்குக்கு கேமராவும் டிவியும் அதுங்களை இன்டர்நெட்ல சேக்கற ஒரு சின்னப் பெட்டியும் மாட்டி, அந்தப் பெட்டி அவங்க சர்வர்ங்கற பெரிய கம்ப்யூட்டரோட பேசலன்னா பேச வைக்கிற வேலை. ரிப்பேருக்கு வந்தா உடனே கை வைக்காது. தரையில சம்மணம் போட்டு உக்காந்து, "இன்னா நைனா, யார் மேல கோவம்?"னு பெட்டிகிட்ட கேக்கும். கடைப் பொண்ணுங்க இதுக்குன்னே வந்து நின்னு சிரிப்பாங்க.

எங்க கடையில வீடியோ ரூம் வெச்சது மதுமதிம்மா, முதலாளி ஜவஹர் அண்ணாச்சியோட மருமக. வெளிநாட்டுல இருக்கற கல்யாண வீட்டுக்காரங்க அங்கேர்ந்தே புடவை பார்க்கலாம்னு அவங்க யோசனை. அண்ணாச்சிக்குப் பிடிக்கல. தொட்டுப் பாக்காத பட்டை எவன் வாங்குவான்னாரு. நானும் அதுக்கு ஜால்ரா போட்டேன். தீபாவளிக்குள்ள ஒரு கல்யாண ஆர்டராவது வரணும், வரலன்னா அந்த ரூம்ல பிளவுஸ் பிட்டு அடுக்கிடுவேன்னு சொல்லிட்டாரு. ரூம் போனா அன்புக்கரசி வேலையும் போவும். எங்க கடைய நம்பித்தான் அவங்க கம்பெனியில அதை வெச்சிருந்தாங்க.

விஜயதசமி அன்னிக்கு தோஹாவுலேர்ந்து ஒரு குடும்பம் பார்க்கறதா ஏற்பாடு. மொத்தக் கல்யாணத்துக்கும் புடவை. காலையில ரூமைத் தொறந்தா, டிவி வருது, கேமரா வருது, அன்புக்கரசி கம்பெனியோட கிண்டி ஆபீஸ்ல இருக்கற சர்வரோட மட்டும் சேர மாட்டேங்குது. கனெக்‌ஷன் இல்லன்னு அதையே காட்டிக்கினு கீது. மதுமதிம்மா போன்ல காட்டிப் பார்த்தாங்க. அரக்குக் கலர் அங்க காபிப் பொடி கலராத் தெரிஞ்சுதாம். சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, இல்லன்னா வேற கடை பார்த்துக்கறோம்னு பொண்ணோட அம்மா சொல்லிட்டாங்க. அதுக்குள்ள அண்ணாச்சி, இனி தீபாவளி வரைக்கும் எதுக்குன்னு, பிளவுஸ் பிட்டு மூட்டைங்கள ரூம் வாசலுக்கே எறக்க வெச்சிட்டாரு.

அன்புக்கரசி ஓடி வந்துச்சு. ஒயரைப் புடுங்கிச் சொருகுச்சு. கிண்டிக்கு போன் போட்டுச்சு. சர்வர் நல்லாத்தான் கீதுன்னாங்க. அப்புறம் எப்பவும் கேக்கறதைக் கேட்டுச்சு: முந்தாநாள் வரைக்கும் ஓடிச்சே, நடுவுல இன்னா மாத்தினீங்க? ஒண்ணும் மாத்தலன்னேன். மதுமதிம்மாவும் அதையே சொன்னாங்க. ரூமைப் பெருக்கற அம்மாவைக்கூட விடல. யாரும் எதையும் மாத்தல, சத்தியமா.

ஒரு கட்டத்துல ரெண்டு கையையும் மடியில போட்டுக்கினு சும்மா உக்காந்துடுச்சு. "தெரியலண்ணா"ன்னுச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு, யார் மேலன்னுதான் தெரியல. மொதல்ல மூஞ்சியைத் தொடைச்சிக்கினு ஒரு டீயக் குடின்னு அதட்டினேன்.

டீ கிளாஸை வாங்கறப்ப அதோட பார்வை டிவிக்குக் கீழ இருந்த சின்னப் பெட்டி மேல போய் நின்னுச்சு. சந்தனப் பொட்டு, நடுவுல குங்குமம்.

"அண்ணா, நேத்து ஆயுத பூஜைக்கு இதை ஆஃப் பண்ணீங்களா?"

"பின்ன? பில்லு மிஷின்லேர்ந்து எல்லாத்துக்கும் ரெஸ்ட் விட்டோம். அதுல இன்னா?"

வருஷா வருஷம் பண்ற பூஜைய யாராவது மாத்தினதுன்னு சொல்லுவாங்களா? அன்புக்கரசியே நேத்து வீட்டுல தன் லேப்டாப்பை மூடிப் பொட்டு வெச்சு, பொரி கடலை படைச்சிட்டுத்தான் வந்திருக்கு. அதுக்கே தோணல. தலையில அடிச்சிக்கினு பெட்டியோட தேதியைப் பார்த்துச்சு. பெட்டி பத்து வருஷத்துக்கு மேல பின்னாடி, ஏதோ ஒரு ஜனவரி ஒண்ணாம் தேதியில நின்னுக்கினு கீது! தேதிய ஞாபகம் வெச்சிக்க உள்ள ஒரு பட்டன் பேட்டரி இருக்குமாம், அது செத்துப் போயிருக்கு. கரண்டு போனாலும் யூபிஎஸ் தாங்கறதால மாட்டின நாள்லேர்ந்து பெட்டி அணைஞ்சதே இல்ல, அதனால யாருக்கும் தெரியல; நேத்து அணைச்சதும் தேதி மறந்துடுச்சு.

அதுக்குள்ள அண்ணாச்சி வாசல்ல வந்து நின்னு, என்னன்னு கேட்டாரு. உங்க பூஜையாலன்னு அன்புக்கரசி சொல்லிடப் போவுதேன்னு நான் கண்ணைக் காட்டினேன். அது நிதானமா சொல்லுச்சு:

"கனெக்‌ஷன் குடுக்கறப்ப சர்வர் தேதி போட்ட ஒரு அத்தாட்சியக் காட்டும் அண்ணாச்சி. இந்தப் பெட்டி பழைய வருஷத்துலயே நிக்குது. அதனால இதுக்கு அந்த அத்தாட்சி இன்னும் தேதி வராத செக்கு மாதிரி. வாங்க மாட்டேன்னுடுச்சு."

அண்ணாச்சி பெட்டியக் குனிஞ்சு பார்த்தாரு. "தேதி வராத செக்கை நானும் வாங்க மாட்டேம்லா"ன்னாரு. அந்தப் பெட்டிய அவரு மரியாதையாப் பார்த்தது அப்பத்தான். அப்புறம் குரலை எறக்கி, பூஜையில குத்தமான்னு கேட்டாரு. பூஜையில ஒண்ணுமில்ல, பேட்டரிக்கு வயசாயிடுச்சு, இன்னிக்கே மாத்திடறேன்னு சொல்லிக்கினே அன்புக்கரசி தேதியத் திருத்துச்சு.

மதுமதிம்மா திரும்பக் கூப்பிட்டதும் டிவியில தோஹா வீட்டு ஹால் பளிச்சுனு வந்துச்சு. பொண்ணு, பொண்ணோட அம்மா, சித்திங்க எல்லாரும் உக்காந்திருந்தாங்க. அரக்குப் புடவைய விரிச்சேன், கலர் அப்படியே தெரியுதுன்னாங்க. முந்தானை தோள்ல எப்படி விழும்னு பொண்ணு கேட்டுச்சு. நான் மடிப்பு எடுக்கறதுக்குள்ள, அதுவரைக்கும் அந்த ரூமுக்குள்ள காலே வைக்காத அண்ணாச்சி என் கையிலேர்ந்து புடவைய வாங்கி, வெள்ளைச் சட்டை மேல தன் தோள்லயே போட்டுக்கினு கேமரா முன்னாடி திரும்பி நின்னாரு. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அதுதான் வேணும், அதையே எடுத்து வைங்க"ன்னுச்சு கல்யாணப் பொண்ணு.

தோள்ல புடவையோடவே அண்ணாச்சி வாசல் பக்கம் பார்த்து, மூட்டைகள மேல கொண்டு போங்கடேன்னு பசங்களுக்குச் சொன்னாரு. அப்புறம் அன்புக்கரசிகிட்ட வந்தாரு.

"அடுத்த வருசம் பூசைக்கு இதை நீ வந்துதாம்மா அணைக்கணும். மறுநாள் நீயே வந்து போட்டுக் குடுக்கணும்."

அது தலைய ஆட்டுச்சு. சாயந்திரம் பஸ்ஸுல அவங்கம்மாகிட்ட அண்ணாச்சி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கினு இருந்ததுல, ரெண்டு பேரும் எறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டாங்களாம்.