நாய்க்குச் சொன்ன துப்பறியும் கதை

போன வருடக் கடைசியில், மழைக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றின் மதியம், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், தெப்ராவில் நடந்தது இது.

நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு. தொலைக்காட்சியில் வாராவாரம் வரும் ஒரு தமிழ்த் துப்பறியும் தொடரின் ரசிகர்கள். கொலையாளி யார் என்பதைவிட எங்களுக்குள் அதிகம் அடிபட்ட விஷயம் வேறு. துப்பறிவாளராக நடிப்பவரிடம் நாய், பூனை, கோழி எல்லாம் அப்படி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு முரட்டு நாயாக இருந்தாலும் சரி, அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உதட்டை அசைத்து என்னவோ முணுமுணுப்பார். அது மெல்ல வந்து அவர் செருப்பின் மேல் தலையைச் சாய்த்துவிடும்.

அந்த முணுமுணுப்பு என்ன? இதுதான் எங்கள் பெரிய வழக்கு. குழுவைத் தொடங்கிய அக்கா ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். அது ஏதோ மந்திரம் என்பது அவர் கட்சி. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர் இருக்கிறார், எதையும் நம்பமாட்டார். "பாக்கெட்ல பிஸ்கட் இருக்கும் லா, நீங்க வேற" என்பார். நான் அந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, சத்தத்தைக் கூட்டிக் கேட்டவள். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் விடவில்லை. எடுத்ததை விடாத குணம் எனக்கு. என் மகள் அதற்குப் பிடிவாதம் என்று பேர் வைத்திருக்கிறாள்.

அன்று குழுவினர் முதல்முறையாக ஒரு சாப்பாட்டுக் கடையில் நேரில் சந்திப்பதாக ஏற்பாடு. மழைக்குப் பயந்து பாதிப் பேர் கழன்றுகொள்ள, வந்தது நாங்கள் மூவர்தான். காலையில் மகளோடு எனக்குச் சண்டை. கல்லூரி வேண்டாம், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றாள். நான் கத்தினேன். அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டித் தட்டிக் கூப்பிட்டும் திறக்கவில்லை. அந்த எரிச்சலோடுதான் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் வந்தது, வழக்கும் சூடு பிடித்தது. மந்திரமா பிஸ்கட்டா என்று அக்காவும் அங்கிளும் மல்லுக்கு நின்றபோது, கடைக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. போய்ப் பார்த்தோம். அங்கே பெரிய லோங்காங், மழைநீர் ஓடும் ஆளுயரச் சிமெண்டுக் கால்வாய். அதன் சுவரில் இருந்த குழாய் வாயில் ஒல்லியான பழுப்பு நிற நாய் ஒன்று நடுங்கிக்கொண்டு நின்றது. காலையிலிருந்தே அங்கேதான் கிடக்கிறது, ஆள் கிட்டப் போனால் குழாய்க்குள் ஓடிவிடுகிறது என்றார் கடைக்காரர்.

வடக்கே வானம் கறுத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. கால்வாய்த் தண்ணீர் கலங்கி, இலைதழைகளை இழுத்து வரத் தொடங்கியிருந்தது. அக்கா போம்பாவுக்குப் போன் போட்டார். சாலையில் விழுந்த மரத்தை அகற்றிவிட்டு வருவதாகத் தீயணைப்பு வீரர்கள் சொன்னார்கள். அதற்குள் தண்ணீர் குழாய் மட்டத்துக்கு ஏறிவிட்டால் நாய் உள்ளேயே மூழ்கிச் சாகும். அது சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவரில் பதித்திருந்த இரும்புப் படியைப் பிடித்து இறங்கினேன்.

மேலிருந்து அக்கா "கம், கம்" என்று கூப்பிட்டார். நம் வீடுகளில் நாய்க்கு எப்போதும் ஆங்கிலம்தானே. நாய் ஓரடி பின்னால் போனது. அங்கிள் மலாயில் "மாரி, மாரி" என்றார். இன்னும் ஓரடி. "கழுத்துல சிவப்புக் கயிறு இருக்கு பாருங்க, சீனர் வீட்டு நாய் லா" என்று துப்பறிந்தவர், சீனத்தில் "லாய், லாய்" என்று குரலை உயர்த்தினார். நான் என் பங்குக்குக் கையை நீட்டி "வா, வா" என்று கத்தினேன். நாய் இருட்டுக்குள் போய் மறைந்தேவிட்டது. இத்தனை மொழி தெரிந்த ஊரில் ஒரு நாயைக் கூப்பிட வழியில்லை.

அப்போதுதான் அந்த நடிகரின் முதுகு நினைவுக்கு வந்தது. மேலே இருந்தவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, குழாய்க்கு முதுகைக் காட்டி, ஓரத்துத் திட்டில் உட்கார்ந்தேன். மந்திரம் எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்தது போன வாரக் கதைதான். அதை அப்படியே தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தேன்.

"போன வாரம் என்ன ஆச்சு தெரியுமா? நகைக்கடை முதலாளி மாடியிலேருந்து விழுந்துட்டாரு..."

"முதலாளி இல்ல மா, அவர் தம்பி" என்றார் அங்கிள்.

"அங்கிள், சும்மா இருங்க."

தண்ணீர் ஏறி, தொங்கவிட்டிருந்த கெண்டைக்காலைத் தொட்டது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"அலமாக், மேல ஏறிடு மா, தண்ணி வருது" என்று அக்கா அழாத குறையாகச் சொன்னார்.

"கதை முடியட்டும் கா" என்றேன், குரலை உயர்த்தாமல்.

கொலைக்கான காரணத்துக்கு வந்தபோது முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. நான் திரும்பவில்லை, கதையையும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் உடம்பு முழுக்க என் முதுகில் சாய்ந்தது. அக்கா மேலிருந்து வீசிய சால்வையில் அதைச் சுற்றித் தலைக்கு மேல் தூக்கினேன். அங்கிள் தரையில் குப்புறப் படுத்து வாங்கிக்கொண்டார். நான் மேலே ஏறி மூச்சு வாங்குவதற்குள் குழாய் வாயைக் காணோம். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது.

அங்கிள் நாயை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே, "பிஸ்கட் இல்ல லா" என்றார். பிறகு, "டிவில வர்ற அந்த மனுஷனும் அடுத்த வசனத்தத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு" என்றார். தேடி யாரும் வராததால் நாய் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதனிடம் எந்த மொழியில் பேசுகிறார் என்று கேட்டால், நாயையே கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்.

நனைந்த துணியோடு வீட்டுக்கு வந்தேன். மகளின் அறைக்கதவு சாத்தியபடியே இருந்தது. தட்டக் கையைத் தூக்கினேன், பிறகு இறக்கிக்கொண்டேன். கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்து, மெதுவாக நாயின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அங்கிள் என்னைத் திருத்திய இடத்தில் உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். கடைசியில் தாழ்ப்பாள் விலகியது. அவள் வந்து என் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, "அந்த நாய் இப்ப எங்க மா?" என்று கேட்டாள். கல்லூரிப் பேச்சை அன்று நான் எடுக்கவில்லை.

இப்போதும் எனக்கு வேண்டியவர்கள் விலகிப் போனால் கூப்பிடத்தான் வாய் வருகிறது, ஆனால் அதை அடக்கிக்கொண்டு அவர்களுக்குக் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்துவிடுகிறேன், எழுந்து மட்டும் போவதில்லை.