வாட்ச்மேன் வெளியே வரட்டும்

கருவியில் உப்பின் அளவைப் பார்த்தாயிற்று. அளவு சரிதான். ஆனாலும் லிஃப்ட் அண்ணன் சுண்டுவிரலை வாளிக்குள் விட்டு, நுனிநாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொள்கிறார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டுகிறார். வாளிக்குள் இருப்பது கடல்தான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

"கருவி பொய் சொல்லுமா? அப்புறம் எதுக்கு நக்கிப் பாக்கறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது பொய் சொல்லாது அக்கா. நான் அதைச் சரியாப் புடிச்சேனான்னுதான் சந்தேகம்."

விரலைக் கழுவினாரா என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

எங்கள் அடுக்குமாடியிலும் பக்கத்துத் தெருக் கட்டடங்களிலும் லிஃப்ட் பழுது பார்ப்பவர் இவர். குட்டையான, கெட்டியான உடம்பு. நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். விடுமுறை நாளில்கூடச் சட்டைப் பையில் ஒரு திருப்புளி இருக்கும். ஆனால் வேலைக்கு வெளியே லிஃப்டில் ஏற மாட்டார். படிதான். ஏன் என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொல்வார்: "நானும் உள்ள மாட்டிக்கிட்டா வெளியேருந்து யாரு தொறக்கறது?" இதற்கு இதுவரை யாரும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை.

எனக்குக் கீழ்வீட்டில் இருக்கிறார். நான் முதியவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, வாழ்நாளில் பெரும்பகுதி அந்த வேலையே செய்தவள். இப்போதும் இந்தக் கட்டடத்தில் யாருக்குத் தலை சுற்றினாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். மற்றவர்களுக்கு நான் சிஸ்டர். அவருக்கு மட்டும் சிஸ்டர் அக்கா. இரண்டில் ஒன்று போதும் என்றேன். "ஒண்ணு மரியாதைக்கு, ஒண்ணு உரிமைக்கு" என்றார்.

ஒரு முறை மின்சாரம் போய் நான் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கில் அவர் குரல் கேட்டது. பயப்படாதீர்கள், மேலே போய்க் கையால் இறக்கிவிடுகிறேன் என்றார். பயம் ஒன்றும் இல்லை, முட்டிதான் வலிக்கிறது, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீர்கள் என்றேன். "வீட்ல தொட்டி பம்புக்கு பேட்டரி மாட்டிட்டு வர்றேன் அக்கா. மூச்சு முட்டற ஆளுங்கள மொதல்ல பாக்கணும்ல." லிஃப்டுக்குள் காற்று வரும், பம்பு நின்ற தொட்டிக்குள் வராது என்பது அவர் வாதம். வாதத்தில் பிழை இல்லை. மீனுக்குப் பிறகுதான் என் முறை வந்தது என்பதை மட்டும் நான் இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தொட்டி அவர் வீட்டு முன்னறையில் இருக்கிறது. குழந்தைக் கட்டில் அளவு. உள்ளே உப்புத்தண்ணீர், வெள்ளை மணல், பாறை, பாறையின் மேல் உயிருள்ள பவளங்கள். ஒன்று காளான் கூட்டம் மாதிரி இருக்கும். இன்னொன்று ரப்பர் கையுறையைத் தலைகீழாக நட்டு வைத்தது போல விரல் விரித்து ஆடும். மேலே வலைமூடி. தொட்டிக்கு எதிரே அவர் மனைவியின் தையல் இயந்திரம். கட்டடத்தில் பாதிப் பேரின் கால்சட்டைகளை நீளம் குறைத்தும், மீதிப் பேருடையதை இடுப்பு பெருக்கியும் தருபவர் அந்த அம்மாள்தான்.

கடலில் எத்தனையோ அழகான மீன்கள் இருக்க, இவர் வளர்ப்பது உளுவை. கடைக்காரர்கள் கோபி என்பார்கள். நீந்தப் பிறந்துவிட்டு உட்கார்ந்தே காலம் தள்ளுகிற மீன். சுண்டுவிரல் நீளத்துக்கு மஞ்சளாய் ஒன்று, உடம்பெல்லாம் நீலப் புள்ளி. வாயின் இரண்டு ஓரமும் கீழே தொங்கும். வரிசையில் வெகுநேரம் நின்றுவிட்டு, கவுன்டர் மூடியாயிற்று என்று கேட்ட ஆளின் முகம். அதற்கு அவர் வைத்த பெயர் வாட்ச்மேன்.

பெயர் பொருத்தம்தான். பாறைக்கு அடியில் ஒரு வளை இருக்கிறது. அதைத் தோண்டியது வாட்ச்மேன் இல்லை, கூடவே குடியிருக்கும் ஓர் இறால். அதன் பெயர் கான்ட்ராக்டர். கான்ட்ராக்டருக்குக் கண் சரியாகத் தெரியாது. நாள் முழுக்க மணலை வாரி வெளியே கொட்டும். கொட்டவரும்போது தன் மீசை ஒன்றை மீனின் வாலில் வைத்துக்கொண்டுதான் வரும். வாட்ச்மேன் வாசலில் உட்கார்ந்து காவல் பார்க்கும். ஆபத்து என்றால் வாலை ஓர் ஆட்டு. மீசை வழியாகச் செய்தி போய்விடும், இரண்டும் உள்ளே. அந்த இறால் அவ்வப்போது கொடுக்கைச் சொடுக்கும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது தொட்டிக் கண்ணாடிதான் விரிசல் விட்டது என்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அரிசி அளவில் பச்சையாக இன்னொரு உளுவையும் உண்டு. பவளத்தின் மேல் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கும், வேறு வேலை இல்லை. அது சூப்பர்வைசர்.

"எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை எங்க இருக்குன்னு என்கிட்டயே கேப்பாரு" என்பார் மனைவி. "அந்த மீனு ஒரு வேளை சாப்பிடலன்னா வீடே ரெண்டாயிடும்." சொல்லும்போதே, வெட்டிய நூலைக் குப்பையில் போடப் போகிற வழியில் தொட்டியை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். நான் கவனித்திருக்கிறேன்.

இந்த மனிதருக்குக் குடலிறக்கம் வந்தது. வராமல் என்ன செய்யும்? கனமான சாமான்களை வேலையில் தூக்கியது போதாதென்று, வீட்டில் உப்புத்தண்ணீர் வாளிகளை ஆண்டுக்கணக்கில் தூக்கியிருக்கிறார். மருத்துவர் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார். புதுப் பவளம் வந்திருக்கிறது, அது வேர்பிடிக்கட்டும் என்று இவர் தள்ளிப்போட்டார். மறுபடி நாள் குறித்தார்கள். பம்பு ஒரு மாதிரி முனகுகிறது என்றார். குடல் சிக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றால் நாள் குறிக்கவெல்லாம் நேரம் இருக்காது என்று மருத்துவர் இந்த முறை சத்தமாகவே சொல்லி அனுப்பினார். மனைவி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அழவில்லை, அழுகிற ஆள் இல்லை. "சிஸ்டர், நீங்க தொட்டியப் பாத்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் இவரு படுப்பாரு" என்றார்.

எனக்கு மீன்கள் மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு நோயாளியை ஒப்படைத்தால் வாங்கிக்கொள்ளத் தெரியும். கீழே போய், என்ன சாப்பிடும், எவ்வளவு, கழிவு எப்படி இருக்கும், உடம்பு சரியில்லை என்றால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று வரிசையாகக் கேட்டேன். மனிதர் பூரித்துவிட்டார். "கழிவைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல அக்கா" என்றார். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புத்தண்ணீர் ஊற்றக்கூடாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றார். தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், உப்பு அங்கேயே நிற்கும். புரிகிற விஷயம்தான். என் பையிலிருந்து பிளாஸ்திரி ஒரு துண்டு கிழித்துத் தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஒட்டினேன். இதற்குக் கீழே போனால் ஊற்றுகிறேன், நீங்கள் போய்ப் படுங்கள் என்றேன். மருத்துவமனைக்குக் கிளம்பும்போது லிஃப்டில்தான் இறங்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டேன். அதற்கும் கொஞ்சம் யோசித்தார்.

இத்துடன் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் விருந்தாளி வரும் முன் வீட்டை ஒழுங்கு செய்கிற புத்தி இருக்கிறதே, அது அவரை விடவில்லை. சிஸ்டர் அக்கா வந்து பார்க்கும்போது எல்லாம் நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று, அட்மிட் ஆவதற்கு முதல் நாள் கையைத் தொட்டிக்குள் விட்டு, கோணலாக இருந்த பாறையை நிமிர்த்தியிருக்கிறார். மணல் சரிந்து வளையின் வாய் மூடிக்கொண்டது. வாட்ச்மேனும் கான்ட்ராக்டரும் உள்ளே.

மறுநாள் மதியம் நான் போனபோது முன்னறை நடுவே மருத்துவமனைப் பை தயாராக இருந்தது. அவர் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். காலையிலிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறார் என்று மனைவி சொன்னார். துள்ளி வெளியே விழுந்திருக்குமோ என்று சோபாவுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. வலைமூடி சரியாக இருக்கிறது. சொடுக்குச் சத்தமும் இல்லை.

"அது முகத்தக் காட்டட்டும் அக்கா, நான் கெளம்பிடறேன். நானே மூடிட்டு நானே போய்ப் படுத்துக்கிட்டா எப்படி?" என்றார். ஒரு கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது.

மனைவி தன்னால் ஆனதை முன்பே செய்து பார்த்திருக்கிறார். காலையில் அவர் பல் தேய்க்கப் போன நேரத்தில், "இதோ தலைய நீட்டுச்சு, நான் பாத்தேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் வாயில் நுரையோடு ஓடிவந்து, எந்தப் பக்கம் என்று கேட்க, இவர் இடது பக்கம் என்று காட்டியிருக்கிறார். வளை இருப்பது வலது பக்கம்.

"இனிமே நீ பாத்தேன்னு சொன்னா நான் எப்படி நம்பறது?" என்றார் என் முன்னாலேயே.

"பொய் சொன்னது தப்புதான். அந்த மீனுக்காகவா சொன்னேன்?" என்றார் மனைவி. அவர் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாப்பிட மறுக்கும் நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கவளம் இறங்காது. எல்லோரையும் எழுப்பி அவரவர் வேலையைப் பார்க்கச் சொன்னால் தட்டு தானாகக் காலியாகும். அந்த மீனுக்குத் தெரிந்தது தினமும் கேட்கிற தையல் இயந்திரச் சத்தமும், எதிரே குனிந்து தைக்கிற ஒரு பெண்ணும்தான். அன்று காலையிலிருந்து இயந்திரம் ஓடவில்லை. கண்ணாடி முழுக்க ஒரு பெரிய முகம். வாட்ச்மேன் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது: ஆபத்து போகவில்லை, வெளியே வராதே.

இதைச் சொல்லி அவரை நகர்த்தினேன். சுலபத்தில் நகரவில்லை. "உங்க மூஞ்சியப் பாத்தா நான்கூட வெளிய வரமாட்டேன்" என்ற பிறகு நகர்ந்தார். ஒரு முக்காலியைத் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், தொட்டிக்கு முதுகு காட்டிப் போட்டு உட்காரவைத்தேன். மனைவி வழக்கம்போலத் தைக்க வேண்டும். மீன் வந்தால் பேசக்கூடாது, கையை நீட்டக்கூடாது, இயந்திரத்தை நிறுத்தவும் கூடாது. எது மாறினாலும் அது உள்ளே போய்விடும்.

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"என் முழங்கையில கைய வச்சுக்குங்க. வந்தா இடிக்கறேன்" என்றார் மனைவி. பிறகு யாரையும் பார்க்காமல், "இந்தத் தடவ நெசமா வந்தாத்தான்" என்றார்.

அவர் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். பிறகு சுட்டுவிரலை மட்டும் நீட்டி மனைவியின் முழங்கையில் வைத்துக்கொண்டார்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. யாருடைய பள்ளிச் சீருடைக்கோ மடிப்புத் தையல். நான் சமையலறை வாசலுக்கு நகர்ந்துகொண்டேன். அங்கிருந்து மூன்றும் தெரியும்: தொட்டி, குனிந்த தலை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அவர். முதலில் மனிதர் நெளிந்தார், இருமினார், சட்டைப் பைத் திருப்புளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விரலை மட்டும் எடுக்கவில்லை. மனைவி துணியைத் திருப்பிப் போடும்போதெல்லாம் விரலும் கூடவே போய்த் திரும்பி வந்தது. ஒரு தையல் முடிந்து அடுத்தது தொடங்கியது. சன்னலுக்கு வெளியே யாரோ கார் கதவை அடைத்தார்கள். அவர் கழுத்து அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. நான் முறைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாறையின் வலது அடியில் மணல் லேசாக உள்வாங்கியது. பிறகு ஒரு பொத்தான் அளவுக்குப் பள்ளம். பள்ளத்துக்குள்ளிருந்து, வாய் ஓரம் தொங்கும் அந்த மஞ்சள் முகம், நடந்ததெல்லாம் தனக்குப் பிடிக்கவில்லை என்பது போல எட்டிப் பார்த்தது. கொஞ்சம் கொஞ்சமாக முழு உடம்பும் வந்து வாசலில் அமர்ந்தது. பின்னாலேயே கான்ட்ராக்டர், ஒரு கொடுக்கு மணலோடு, மீசையை மீனின் வாலில் வைத்தபடி.

இயந்திரத்தின் வேகம் மாறவில்லை. அந்த அம்மாளின் கண் ஊசியில்தான் இருப்பது போலிருந்தது. முழங்கை மட்டும் ஒரு தரம் இடித்தது.

எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. விரலை எடுத்தார். கை ஊன்றி மெதுவாக எழுந்தார், முதுகு தொட்டிப் பக்கமே இருக்கும்படி சுவரோரமாக நகர்ந்தார். பையை நான்தான் எடுத்துக்கொண்டேன். தூக்குவதற்கு அவருக்கு அனுமதி இல்லை. வாசலுக்குப் போன பிறகுதான் செருப்பு நினைவு வந்தது. அது தொட்டிக்கு அருகில், வாசலிலிருந்து கால் எட்டும் தூரத்தில் கிடந்தது. திரும்பினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, வெளியே லிஃப்டைப் பார்த்தபடி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, கட்டைவிரலால் துழாவித் துழாவி, செருப்புகளை ஒவ்வொன்றாக இழுத்தார்.